கொடியில் துணி காயும் கோட்டைகள்

அம்மா மியூனிக் வந்து நான்கு வாரம் ஆனதும் "இங்க எல்லாம் இருக்குடா, கடல்தான் இல்லை" என்று சொல்ல ஆரம்பித்தார். வேதாரண்யத்துக்காரர். அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் தாத்தா கங்காணியாக இருந்தவர், அதனால் அம்மாவின் குழந்தைப் பருவக் கதைகளில் பாதி உப்புப் பாத்தி வரப்பில்தான் நடக்கும். மியூனிக்கிலிருந்து எந்தக் கடலுக்குப் போவதென்றாலும் தூரம்தான். குரோஷியாவின் ஸாதர் நகரத்துக்கு விமானச் சீட்டு மலிவாகக் கிடைத்தது, அங்கே ஒரு காரை வாடகைக்கு எடுத்து டால்மேஷியக் கடற்கரையோரமாகத் தெற்கே இறங்கி டுப்ரோவ்னிக்கில் விட்டுவிடுவது, நடுவில் மாண்டினீக்ரோவின் கோட்டோர் வரை ஒரு நாள் எட்டிப் பார்ப்பது என்று திட்டம் போட்டோம். 2024 செப்டம்பர் கடைசி. நான், மனைவி, அம்மா, அம்மாவின் ஊறுகாய் பாட்டில்.

குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று யூரோவுக்கும் ஷெங்கனுக்கும் (பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா போதும் என்கிற ஏற்பாடு) ஒரே நாளில் மாறிவிட்டது, அதனால் அம்மாவின் ஷெங்கன் விசாவே போதும். மாண்டினீக்ரோ ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை (ஆனால் செலவுக்கு யூரோதான், அது ஒரு வேடிக்கை). அங்கே போய்விட்டுத் திரும்ப வேண்டுமானால் விசாவில் பலமுறை நுழைவு அனுமதி இருக்க வேண்டும். இதைக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி பதினொரு மணிக்குத்தான் நினைத்துப் பார்த்தேன். நல்லவேளை, இருந்தது.

முதல் நாளே ஒரு விஷயம் புரிந்தது. காரில் போவது என்று பெயர்தானே ஒழிய, இந்த ஊர்கள் ஒன்றிலும் கார் உள்ளே போகாது. மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். தரை முழுக்கச் சுண்ணாம்புக்கல், பல நூறு வருஷம் கால்பட்டு வழவழவென்று இருக்கிறது, லேசாகத் தண்ணீர் பட்டாலே வழுக்கும். அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கோயில் பிராகாரத்தில் நடப்பது மாதிரி வெறுங்காலில் நடந்தார். எங்களைவிட வேகமாகவும் நடந்தார்.

ஸாதரின் நிலவாசல் (தரைப்பக்கத்து மதில் வாசல்) 1543இல் கட்டியது, மேலே வெனிஸின் சிறகு வைத்த சிங்கம். இந்தக் கரை முழுக்க அந்தச் சிங்கத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம், வெனிஸ்காரர்கள் பிடித்த இடத்திலெல்லாம் முத்திரை குத்தியிருக்கிறார்கள். 1202இல் நான்காவது சிலுவைப் போருக்கென்று கிளம்பிய படை, கப்பல் கூலி கொடுக்கப் பணமில்லாமல், வெனிஸ் சொல்படி முதலில் வந்து அடித்து நொறுக்கியது இந்த ஸாதரைத்தான். இதுவும் கிறிஸ்தவ ஊர்தான். உள்ளே ரோமானியர்களின் பொதுச் சதுக்கம் இருக்கிறது, அதன் கற்களையே பிடுங்கி அடித்தளத்தில் போட்டு 9ஆம் நூற்றாண்டில் கட்டிய புனித டொனாட்டஸ் தேவாலயமும் அங்கேயே, பக்கத்தில் நிற்கிறது. உடைந்த தூண்களின் மேல் பையன்கள் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்கிறார்கள்.

சாயங்காலம் கடல் ஆர்கன். கரையில் படிக்கட்டு மாதிரி எழுபது மீட்டர் நீளத்துக்குக் கட்டியிருக்கிறார்கள், அடியில் 35 குழாய்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு நீளம். அலை வந்து மோதும்போது குழாய்க்குள் இருக்கிற காற்று தள்ளப்பட்டு மேலே இருக்கிற ஓட்டைகள் வழியாக ஒலியாக வருகிறது. நிகோலா பாஷிச் என்ற கட்டடக் கலைஞர் 2005இல் செய்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டு போட்டு நொறுங்கிப்போன ஊர், அப்புறம் அவசரமாக சிமெண்ட் பூசிய கடற்கரை, அதற்கு இப்படி ஒரு விமோசனம். பாட்டு என்று சொல்ல முடியாது, காலி பாட்டிலின் வாயில் ஊதினால் வருமே, அந்த ஒலி நாலைந்து சுருதியில். படகு ஒன்று போனது, இரண்டு நிமிஷம் கழித்து அதன் அலை வந்து குழாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் முனகின. அம்மா கண்ணை மூடிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் ஸாதரின் பின்சந்து ஒன்றில்தான் அம்மா அந்தக் கணக்கை ஆரம்பித்தார். அண்ணாந்து பார்த்துவிட்டு, "இங்க ஜனங்க குடியிருக்காங்கடா" என்றார். எப்படித் தெரியும் என்றால், மேலே ஒரு ஜன்னலிலிருந்து எதிர் ஜன்னலுக்குக் கயிறு கட்டி, உருளை வைத்து, இரண்டு படுக்கை விரிப்பும் ஒரு பையனின் கால்பந்துச் சட்டையும் காய்ந்துகொண்டிருந்தன. "ஓட்டல்காரன் இப்படிக் காயப்போட மாட்டான். இது வீட்டுத் துணி." அதற்கப்புறம் ஒவ்வொரு கோட்டை ஊரிலும் அம்மாவுக்கு வேலை இதுதான். நாங்கள் தேவாலயம், மணிக்கூண்டு என்று பார்த்துக்கொண்டிருக்க அவர் கொடிகளை எண்ணிக்கொண்டு வருவார்.

தெற்கே போக ஏ1 நெடுஞ்சாலை இருக்கிறது, சுங்கச்சாவடியில் சீட்டு வாங்கிக்கொண்டு 130இல் பறக்கலாம், ஆனால் அதில் கடல் தெரியாது. நாங்கள் குரோஷியா யூகோஸ்லாவியாவோடு சேர்ந்திருந்த காலத்தில் போட்ட பழைய கடலோரச் சாலையில்தான் போனோம். ஒரு பக்கம் வெள்ளைப் பாறை, இன்னொரு பக்கம் நேராகக் கீழே கடல், வளைவுக்கு வளைவு ஒரு தீவு. தாமதமாகும், பரவாயில்லை. வழியில் யாராவது அத்திப்பழமும் தேனும் ஆலிவ் எண்ணெயும் மேசை போட்டு விற்றுக்கொண்டிருப்பார்கள், மனைவி ஒவ்வொரு மேசையிலும் வண்டியை நிறுத்தச் சொல்லுவாள்.

ஷிபெனிக்கில் புனித யாக்கோபு பேராலயம். 1431இல் ஆரம்பித்து 1536இல் முடித்திருக்கிறார்கள், கூரை உட்பட எல்லாமே கல், உத்தரம் இல்லை, மரம் இல்லை. பின்பக்கச் சுவரைச் சுற்றி எழுபதுக்கும் மேற்பட்ட மனிதத் தலைகள் செதுக்கியிருக்கின்றன. புனிதர்கள் இல்லை, சாதாரண ஆட்கள், முகம் சுளிக்கிறவர், மீசைக்காரர், தூங்கி வழிகிறவர். நன்கொடை கொடுக்காத கஞ்சர்களின் முகத்தை அசிங்கமாகச் செதுக்கிவிட்டார் சிற்பி என்று ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். உண்மையோ பொய்யோ, நம்ம ஊர்க் கோயில்களிலும் தர்மகர்த்தாக்கள் இந்த முறையை யோசிக்கலாம்.

ட்ரோகிர் சின்னத் தீவு, கரைக்கும் இன்னொரு பெரிய தீவுக்கும் நடுவே திணித்து வைத்தது மாதிரி. பேராலய வாசலை ராதோவான் என்ற சிற்பி 1240இல் செதுக்கியிருக்கிறார், சிங்கங்களின் மேல் ஆதாமும் ஏவாளும் கூச்சத்தோடு நிற்கிறார்கள். அழகான ஊர்தான். ஆனால் நாங்கள் போன நேரத்தில் நாலு சுற்றுலாக் குழுக்கள் கொடி பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டன, மூச்சுவிட இடமில்லை. ஒன்றரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம்.

கோட்டை ஊர் ஒன்றில் (எது என்று சொல்லப்போவதில்லை) கைப்பேசி வரைபடம் காட்டிய வழியை நம்பி ஒரு சந்துக்குள் நுழைந்து, சந்து குறுகி, இன்னும் குறுகி, கடைசியில் படிக்கட்டில் போய் முடிந்தது. திரும்ப இடமில்லை. பின்னால் எடுக்கவும் பயம். மேலே மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி கிளிப்பை வாயில் கடித்துக்கொண்டே இரண்டு கையாலும் "இந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று ஜாடை காட்ட, அம்மா கீழே இறங்கி நின்று அதை எனக்குத் தமிழில் மொழிபெயர்க்க, ஒரு இருபது நிமிஷம் ஆயிற்று வெளியே வர. வலது பக்கக் கண்ணாடியில் சின்னக் கீறல். அதற்கு வாடகைக் கார் நிறுவனம் வாங்கிய தொகையில் ஒரு புதுக் கண்ணாடியே வாங்கியிருக்கலாம். முழுக் காப்பீடு எடுத்துவிடுங்கள், நான் எடுக்கவில்லை.

ஸ்ப்ளிட் பற்றி நீட்டித்தான் எழுத வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரி ஒரு ஊரை நான் பார்த்ததில்லை. ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கி.பி. 305இல் பதவியைத் தானாகவே துறந்துவிட்டு வந்து உட்கார்ந்த இடம். ஓய்வுக்காலத்துக்கென்று கடலோரம் வீடு கட்டிக்கொண்டார், என்ன, வீடு கிட்டத்தட்ட 215க்கு 180 மீட்டர், சுற்றிலும் கோட்டை மதில், எகிப்திலிருந்து கொண்டுவந்த ஸ்பிங்க்ஸ் சிலைகள். மறுபடி ஆட்சிக்கு வரச் சொல்லிக் கேட்டபோது, நான் என் கையால் நட்ட முட்டைக்கோஸைப் பார்த்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள் என்று பதில் சொன்னாராம். செத்த பிறகு அரண்மனை என்னவோ ஆகிவிட்டிருக்கும், ஆனால் 7ஆம் நூற்றாண்டில் பக்கத்துப் பெருநகரமான சலோனா அவார்கள், ஸ்லாவ்கள் தாக்குதலில் அழிய, தப்பித்த ஜனங்கள் ஓடிவந்து இந்த மதிலுக்குள் குடியேறிவிட்டார்கள். பேரரசரின் கூடங்களுக்குக் குறுக்கே சுவர் எழுப்பி, தூணுக்குத் தூண் வீடு கட்டி, அப்படியே தங்கிவிட்டார்கள். ஊரே அப்படித்தான் உண்டானது.

டயோக்ளீஷியன் கிறிஸ்தவர்களைக் கொடுமையாக வேட்டையாடியவர். சலோனாவின் ஆயர் டோம்னியஸ் அந்த வேட்டையில் கொல்லப்பட்டவர். இப்போது டயோக்ளீஷியனின் கல்லறை மண்டபம்தான் புனித டோம்னியஸ் பேராலயம். பேரரசரின் உடல் போன இடம் தெரியவில்லை, கொலையுண்டவர் பீடத்தில் இருக்கிறார். இதைச் சொன்னதும் அம்மா, "நல்லா வேணும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

கீழே நிலவறைகள். மேலே குடியிருந்தவர்கள் தரையில் ஓட்டை போட்டு நூற்றாண்டுக் கணக்கில் குப்பையையும் கழிவையும் கீழே கொட்டியிருக்கிறார்கள். அப்படி நிரம்பிப்போனதால்தான் நிலவறைகளுக்குள் யாரும் போய் எதையும் இடிக்கவில்லை, கல் திருடவில்லை. 20ஆம் நூற்றாண்டில் தோண்டி எடுத்தபோது ரோமானியர் கட்டியபடியே இருந்திருக்கின்றன. மேலே இருந்த அரண்மனை அறைகளில் பெரும்பாலானவை போய்விட்டன, ஆனால் கீழ்த்தளத்தின் வரைபடத்தை வைத்து மேல்தளம் எப்படி இருந்திருக்கும் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். குப்பை காப்பாற்றிய அரண்மனை!

அம்மாவின் கணக்கில் ஸ்ப்ளிட் முதலிடம், முப்பத்தேழு கொடிகள். ரோமானியத் தூணில் ஆணியடித்துக் கட்டியதாக ஒன்று. கிழக்கு மதிலை ஒட்டி வெளியே காய்கறிச் சந்தை, அங்கே ஒரு கட்டுக் கீரை வாங்கினோம், பிளித்வா என்கிறார்கள், உருளைக்கிழங்கும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் போட்டு மசிப்பது அவர்கள் வழக்கம். தங்கின வீட்டு அடுப்பில் அம்மா அதைக் கடைந்து, மிளகாய் தாளித்து, மத்தி மீன் வறுத்துக் கொடுத்தார். மீன் சந்தையில் ஈ ஒன்றுகூட இல்லை, பக்கத்தில் கந்தக ஊற்று இருப்பதால் அந்த நாற்றத்துக்கு ஈ வராதாம். அந்த ஊர்க்காரர்களுக்கு மத்தியை எலுமிச்சையோடு நெருப்பில் சுட்டு அப்படியே வைத்தால் போதும். அம்மாவுக்குப் போதவில்லை.

ஸ்ப்ளிட்டிலிருந்து தெற்கே மகார்ஸ்கா வழியாக வருகிற சாலையில் ஓட்டுகிறவனுக்குக் கொடுமை, பார்க்கிறவர்களுக்கு விருந்து. இடது பக்கம் பியோகோவோ மலை 1,762 மீட்டர் நிமிர்ந்து நிற்கிறது, வலது பக்கம் கடல், நடுவில் நீங்கள். அதைத் தாண்டி இன்னும் தெற்கே வந்தால் பெல்யெஷாட்ஸ் பாலம்.

இந்தப் பாலத்துக்குப் பின்னால் இருக்கிற கதை எனக்கு இந்தப் பயணத்திலேயே மிகவும் பிடித்தது. டுப்ரோவ்னிக், அப்போது ரகூசா குடியரசு, வெனிஸுக்கு எப்போதும் பயந்துகொண்டிருந்த ஊர். 1699இல் ஓட்டோமான்களோடு நடந்த போரை முடித்த கார்லோவிட்ஸ் உடன்படிக்கையின்போது வெனிஸ் தரைவழியாக எல்லைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. என்ன செய்தார்கள் ரகூசாக்காரர்கள்? தங்கள் நிலத்தின் இரண்டு முனைகளிலும் ஒரு துண்டை வெட்டி ஓட்டோமான் சுல்தானுக்குக் கொடுத்துவிட்டார்கள். இனி வெனிஸ் தரையில் வர வேண்டுமானால் துருக்கியின் நிலத்தை மிதித்துத்தான் வர வேண்டும். அதில் வடக்குத் துண்டுதான் நெயூம். காலம் போய், யூகோஸ்லாவியா உடைந்ததும், அது பொஸ்னியாவின் ஒரே கடற்கரையாக, சுமார் இருபது கிலோமீட்டர், குரோஷியாவை இரண்டாக வெட்டிக்கொண்டு நின்றது. டுப்ரோவ்னிக் போகிறவர்கள் பத்து நிமிஷ தூரத்தில் இரண்டு எல்லைச் சாவடி தாண்டினார்கள், முப்பது வருஷம். 2022 ஜூலையில்தான் 2.4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலின் மேல் பாலம் போட்டு நெயூமைச் சுற்றிக்கொண்டு போக வழி செய்தார்கள். பணத்தில் பெரும்பங்கு ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்தது, கட்டியது சீன நிறுவனம். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பயந்து எழுதிக் கொடுத்த பத்திரம், பேரன் பேத்திகள் தலையில் வந்து விழுந்த கதை. நம்ம குடும்பங்களில் இல்லாததா.

பாலம் இறங்கிக் கொஞ்ச தூரத்தில் ஸ்டோன். ஒரு மணி நேரம் நிற்கலாம் என்று போய், சாயங்காலம் வரை இருந்துவிட்டோம். ஊர் கையளவு. மதிலோ மலைமேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கி இன்னொரு சின்ன ஊரில் போய் முடிகிறது. 14ஆம் நூற்றாண்டில் ரகூசா இந்தப் பெல்யெஷாட்ஸ் தீபகற்பத்தை வாங்கியதும் கட்ட ஆரம்பித்தது, ஒரு காலத்தில் ஏழு கிலோமீட்டர், இப்போது ஐந்தரை மிச்சம். இவ்வளவு பெரிய மதில் எதைக் காக்க என்று நான் வழிகாட்டிப் பலகையைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா மறுபக்கம் பார்த்துவிட்டார்.

"உப்பளம்டா!"

அப்புறம் அம்மாதான் வழிகாட்டி. கடல் தண்ணீரை முதலில் பெரிய பாத்தியில் தேக்கி, வெயிலில் கெட்டியானதும் அடுத்த பாத்திக்கு மாற்றி, அடுத்ததற்கு மாற்றி, கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கவிடுவது, பலகையால் வாருவது, அம்பாரமாகக் குவிப்பது, எல்லாம் அங்கேயும் அதேதான். "தரையில கல் பாவியிருக்கான் பாரு, நம்ம ஊர்ல களிமண்ணு, மிதிச்சு மிதிச்சுக் கெட்டிப்படுத்தணும், அப்பாவோட காலைப் பாத்திருந்தா தெரியும்." பாத்திகளுக்குப் புனிதர்களின் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். அம்மா கேட்கவில்லை, குனிந்து ஓரத்தில் ஒட்டியிருந்த உப்பைச் சுரண்டி நாக்கில் வைத்துக்கொண்டிருந்தார்.

குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில் மீனையும் இறைச்சியையும் மாதக்கணக்கில் வைத்திருக்க வழி உப்புதான். பால்கன் மலைகளுக்குள் இருக்கிறவர்களுக்கு அது கடலிலிருந்துதான் போயாக வேண்டும். ரகூசா அந்த வியாபாரத்தில் கொழித்தது. மதில் காத்தது அதைத்தான். "எங்க ஊர்ல வெள்ளைக்காரன் உப்புக்கு வரி போட்டான், இவங்க மதிலே போட்டிருக்காங்க" என்றார் அம்மா. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பள்ளியது அகஸ்தியம்பள்ளியில்தான், எங்கள் வீட்டில் இது வரலாறு இல்லை, தெருக்கதை. ஸ்டோனில் கொடிகளை எண்ண மறந்துவிட்டதாக அம்மா அப்புறம் சொன்னார். கடையில் இரண்டு கிலோ உப்பு வாங்கினார். பெட்டியின் எடை பற்றி நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், மனைவி கிள்ளினாள்.

சிப்பிக்குப் பேர்போன இடம் அது, மதிலின் மறுமுனையில் இருக்கும் மாலி ஸ்டோனில் எலுமிச்சை பிழிந்து பச்சையாக விழுங்குகிறார்கள். நான் மூன்று சாப்பிட்டேன். மற்ற இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கப்புறம் டுப்ரோவ்னிக். அழகில் குறை சொல்ல முடியாது, கடலிலிருந்து எழும்பி நிற்கிற 1,940 மீட்டர் மதிலின் மேல் முழுச் சுற்றும் நடக்கலாம், சில இடங்களில் 25 மீட்டர் உயரம், கீழே செவ்வோட்டுக் கூரைகள். கட்டணம் அப்போது தலைக்கு 35 யூரோ, மூன்று பேருக்குக் கணக்குப் போட்டு அம்மாவிடம் சொல்லாமல் மறைத்தேன். கூரைகளில் பளிச்சென்ற புது ஓடும் மங்கிய பழைய ஓடும் கலந்து கிடப்பது ஏன் என்று மனைவி கேட்டாள். யூகோஸ்லாவியா உடைந்தபோது நடந்த போரில், 1991-92 முற்றுகையில் விழுந்த குண்டுகள். பழைய நகரின் கட்டடங்களில் மூன்றில் இரண்டு பங்கு அடிபட்டது. புது ஓடு இருக்கிற இடமெல்லாம் ஓட்டை விழுந்த இடம் என்று தெரிந்த பிறகு அந்தச் சிவப்பை ரசிக்க முடியவில்லை.

கொள்ளைநோய் வந்த ஊர்க் கப்பல்களை ஒரு மாதம் தள்ளி நிறுத்திவைக்கிற சட்டத்தை 1377இல் போட்டவர்களும் இவர்கள்தான். கிழக்கு வாசலுக்கு வெளியே பிற்காலத்தில் கட்டிய தனிமைக் கூடங்கள் இன்னும் இருக்கின்றன. கோவிட் காலத்தில் பதினாலு நாள் ஓட்டல் அறையில் அடைந்து கிடந்தவன் என்ற முறையில் அங்கே கொஞ்ச நேரம் நின்றேன்.

ஆனால் ஊர் காலியாகிக்கொண்டிருக்கிறது. போருக்கு முன்னால் மதிலுக்குள் ஐயாயிரம் பேர் அளவில் வாழ்ந்திருக்கிறார்கள், இப்போது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, வீடுகள் எல்லாம் வாடகை அறைகளாகிவிட்டன. காலையில் பயணக் கப்பல்கள் வந்து கொட்டுகிற கூட்டம் சாயங்காலம் வடிகிறது. மதில் மேல் முழுச் சுற்று நடந்தும் அம்மாவின் கணக்கு பதினொன்றுதான். "அதுலயும் நாலு, ஓட்டல் துண்டு" என்றார்.

கோட்டோருக்குப் போக எல்லையில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். காரை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தனிக் காப்பீட்டுச் சீட்டு வேண்டும், முன்கூட்டியே சொல்லி வாங்குங்கள். வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு போனால் வழியில் பெராஸ்ட், அதன் எதிரே தண்ணீரில் ஒரு குட்டித் தேவாலயத் தீவு. மாலுமிகள் கல் கொட்டிக் கொட்டி உண்டாக்கிய தீவு அது, இன்றும் வருஷா வருஷம் ஜூலை 22 அன்று படகுகளில் கல் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். கோட்டோரில் மதில் ஊருக்குப் பின்னால் மலைமேல் ஏறுகிறது, உச்சிக் கோட்டைக்கு 1,350 படி என்கிறார்கள். "அத்தை, முட்டி தாங்குமா?" என்று மனைவி கேட்க, "நீங்க போயிட்டு வாங்க, எனக்குப் பூனை இருக்கு" என்றார். உண்மையிலேயே அந்த ஊர் பூனைகளின் ஊர், அவற்றுக்கென்று ஒரு அருங்காட்சியகம்கூட இருக்கிறது. நாங்கள் வியர்த்து வழிந்து இறங்கி வந்தபோது அம்மா ஒரு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒன்று, காலடியில் மூன்று. பக்கத்தில் அந்த வீட்டு அம்மாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. காய்ந்த துணிகளை எடுத்து இரண்டு பேரும் மடித்துக்கொண்டிருந்தார்கள்.

மியூனிக் வந்த வாரமே ஸ்டோன் உப்பில் எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டார். மூன்றாம் நாள் ஜாடியைத் திறந்து விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். "பரவாயில்ல. நம்ம உப்புன்னா இன்னும் கொஞ்சம் கரிக்கும்."